கைப்பேசிக்கெனத் தனி முகவரி தேவையா?

2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர் ஏலம் நடைபெற்றது. ஏலத்துக்கு வந்தது நிலமும் அன்று, நகையும் அன்று. 'ஃபிளவர்ஸ் டாட் மோபி' என்னும் ஓர் இணைய முகவரி. அது 2,00,000 டாலருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 90 இலட்சம் ரூபாய்! அந்தப் பணத்துக்கு ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் எத்தனை கூடை மல்லிகை வாங்கலாம் என்ற கணக்கை உங்களிடமே விட்டுவிடுகிறேன். வாங்கியவருக்கு ஒரு பூக்கூடக் கிடைக்கவில்லை. பெயர் மட்டுமே கிடைத்தது. அதுவும் நிரந்தரச் சொத்தாக அன்று. இணையப் பெயர்கள் வாடகை வீடு போன்றவை. ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பித்துவந்தால்தான் நம்மிடம் இருக்கும்.

இவ்வளவு பணம் எதற்காக? விடை அந்தப் பெயரின் கடைசிச் சொல்லில் இருக்கிறது.

'வந்தான்' என்பதில் 'ஆன்' என்ற விகுதி, வந்தவர் ஆண் என்று காட்டுகிறது அல்லவா? அதுபோல 'காம்', 'இன்', 'இ.டி.யு.' ஆகியவை இணைய முகவரியின் பின்னொட்டுகள். 'மோபி' என்ற பின்னொட்டு, 'இந்தப் பக்கம் கைப்பேசிக்கென்றே செய்யப்பட்டது' என்று காட்டுவதற்காகப் பிறந்தது. நோக்கியா, மைக்ரோசாப்ட், கூகுள், சாம்சங், வோடபோன் முதலிய பெருநிறுவனங்கள் அதற்குப் பின்னால் நின்றன. 2005இல் ஒப்புதல் கிடைத்தது. 2006இல் பொதுமக்களுக்கு விற்பனை தொடங்கியது.

அன்றைய நிலையில் அது வீண் யோசனை அன்று. அக்காலக் கைப்பேசித் திரை உள்ளங்கையில் பாதிகூட இராது. 120 புள்ளி அகலமே உள்ள திரையிலும் தெரியும்படி, மொத்தம் 20 கிலோபைட்டுக்கு மிகாமல் பக்கம் அமைய வேண்டும் என்பது அப்போது வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறி. ஏன் 20? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 20 கிலோபைட் என்பது 1,60,000 பிட். அன்றைய கைப்பேசி இணைப்பில் நொடிக்குச் சுமார் 40,000 பிட் வந்தது எனக் கொண்டால், பக்கம் வந்து சேர 4 நொடி ஆகும். கணிப்பொறிக்கென்று செய்த 300 கிலோபைட் பக்கமோ ஒரு முழு நிமிடம் எடுக்கும். அத்தனைக்கும் பிறகு அது சிறிய திரையில் அடங்காது. எனவே கைப்பேசிக்கெனத் தனிப் பக்கம் தேவைதான். ஆனால் தனிப் பக்கத்துக்குத் தனிப் பெயர் வேண்டுமா? இங்கேதான் பலர் தடுமாறினார்கள்.

பெயரைத் தட்டியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? தெற்கே 236 அடி உயர இராஜகோபுரத்தில் நுழைந்து, சித்திரை வீதி, உத்திர வீதி என்று ஒவ்வொரு மதிலாகக் கடந்து உள்ளே போகிறோம். இணைய முகவரியும் இப்படி மதிலுக்குள் மதிலாக அமைந்ததுதான். ஆனால் வெளி மதில் வலப்பக்கக் கடைசியில் இருக்கிறது. ஆகையால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

உங்கள் கைப்பேசிக்காக, இணைப்புத் தரும் நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்று வழி கேட்டுப் புறப்படுகிறது. முதலில் 'வேர்' எனப்படும் தலைமைக் கணிப்பொறியிடம், 'மோபி எங்கே?' என்று கேட்கிறது. வேர், மோபியின் பதிவேடு இருக்கும் இடத்தைச் சொல்கிறது. அங்கே போய், 'ஃபிளவர்ஸ் எங்கே?' என்று கேட்கிறது. அங்கிருந்து அடுத்த வாசல். இறுதியில் கிடைப்பது ஓர் எண். அந்த எண்ணுக்குரிய கணிப்பொறியில்தான் பக்கம் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாசல் காப்பவருக்கு அடுத்த வாசல் இருக்கும் திசை மட்டுமே தெரியும். நீங்கள் நடந்து வந்தீர்களா, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முதலாம் எண் பேருந்தில் வந்தீர்களா என்று அவர் கேட்பதில்லை. அதுபோலவே, பெயரைத் தேடும் இந்தப் பயணத்தில் கைப்பேசி, கணிப்பொறி என்ற பேச்சே எழுவதில்லை. எண் கிடைத்த பிறகு உங்கள் உலாவி, 'நான் இன்ன வகைக் கருவியிலிருந்து வருகிறேன்' என்று தானே அறிவிக்கிறது. பக்கத்துக்குள்ளேயும், 'திரை அகலம் 600 புள்ளிக்குக் குறைவா? அப்படியானால் பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு' என்பது போன்ற கட்டளையை எழுதிவைக்கலாம். திரைக்குத் தக்கபடி பக்கத்தை வளைக்கும் வேலை அங்கே நடக்கிறது. பெயருக்கு அதில் பங்கில்லை.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2004ஆம் ஆண்டிலேயே மோபியை எதிர்த்து எழுதினார். எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே முகவரி செல்ல வேண்டும் என்பது அவர் வாதம். கணிப்பொறியில் படித்த முகவரியை நண்பரின் கைப்பேசிக்கு அனுப்பினால் அது அங்கே பயன்படாது என்றால் வலை எதற்கு? 2007இல் ஐபோன் வந்தது. பெரிய திரையும் முழு உலாவியும் கைக்கு வந்தன. 2010இல் ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர், திரைக்கேற்ப வளையும் பக்கங்களை எப்படி அமைப்பது என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்த முறை எங்கும் பரவிவிட்டது.

தனி முகவரி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களுக்கும் மோபி தேவைப்படவில்லை. தம் பெயருக்கு முன்னால் 'எம்' என்ற எழுத்தையும் ஒரு புள்ளியையும் சேர்த்துக்கொண்டார்கள். வாசலுக்கு உள்ளே எத்தனை அறை கட்டினாலும், எந்த அறைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் வீட்டுக்காரர் விருப்பம்; அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இலவசமாகக் கிடைப்பதற்கு 90 இலட்சம் கொடுப்பாருண்டா? ஃபிளவர்ஸ் டாட் மோபி சில ஆண்டுகளிலேயே சில ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

எங்கள் கல்லூரியில் படித்த ஒருவர் ஸ்ரீரங்கத்தில் பூமாலைக் கடை வைத்திருக்கிறார். கைப்பேசியில் வரும் வாடிக்கையாளர்களுக்கென்று தனிப் பின்னொட்டில் ஐந்தாறு பெயர் வாங்கிப்போட்டால் பிறகு விலை ஏறும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 'போடலாமா, சார்?' என்று கேட்டார். நிலம் விலை ஏறுவது அது பெருகாது என்பதால். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே புதிதாக ஒரு தெரு முளைக்க முடியாது. இணையத்திலோ ஐந்து ஆங்கில எழுத்துகளால் மட்டும் ஆன பெயர்கள் 1,18,81,376 உண்டு (26ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்). ஒவ்வொரு புதிய பின்னொட்டும் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து விற்பனைக்கு வைக்கிறது. இன்று பின்னொட்டுகளே ஆயிரத்துக்கு மேல். 'இன்' என்று முடியும் ஒரே பெயரை எடுத்து, பக்கம் கைப்பேசியில் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி அவருக்குச் சொன்னேன். மீதிப் பணத்துக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கினாலும் பூ வாடாமல் இருக்கும்.

அப்படியானால் எல்லாப் பின்னொட்டும் ஒன்றுதானா? இல்லை. நம் திருச்சியிலேயே சான்று இருக்கிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகம், ஜமால் முகமது கல்லூரி, புனித வளனார் கல்லூரி ஆகியவற்றின் முகவரிகள் 'இ.டி.யு.' என்று முடிகின்றன. 2001 அக்டோபர் இறுதியிலிருந்து அந்தப் பின்னொட்டு அமெரிக்காவில் தரச்சான்று பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே புதிதாகத் தரப்படுகிறது; முன்பே பெற்றவர்கள் வைத்துக்கொள்ளலாம். பணம் கொடுத்தால் போதும் என்று எவரும் நுழைய முடியாத வாசல் அது. இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் 'பேங்க் டாட் இன்' என்னும் முடிவை வங்கிகளுக்கு மட்டும் என்று அறிவித்து, 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்றது. இங்கே பின்னொட்டுக்கு மெய்யான மதிப்பு இருக்கிறது. மோபியும் தொடக்கத்தில் பக்க அமைப்புக்குச் சில விதிகளை வைத்துக் காவல் காத்தது. காக்கப்பட்ட பொருளே பிறகு எல்லா இடத்திலும் கிடைக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு பயிற்சி. 'அ' என்பது ஒரு வங்கியின் பெயர் என்று கொள்வோம். வீட்டிலுள்ள பெரியவர்களின் கைப்பேசிக்கு இரண்டு செய்திகள் வருகின்றன. ஒன்றில் 'அ டாட் பேங்க் டாட் இன்' என்றிருக்கிறது. மற்றொன்றில் 'அ டாட் பேங்க் டாட் இன் டாட் பரிசு டாட் மோபி' என்றிருக்கிறது. எது வங்கியுடையது? (தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டால், அடுத்த சாய்கோடு வரும் இடத்தில் பெயர் முடிகிறது; அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்.) முதலாவதில் வெளி வாசல் 'இன்', அடுத்தது 'பேங்க்'. இரண்டாவதில் வெளி வாசல் 'மோபி', அடுத்தது 'பரிசு'. அந்தப் பரிசுக்காரர் தம் வீட்டுக்குள்ளே மூன்று அறைகளுக்கு 'இன்', 'பேங்க்', 'அ' என்று பலகை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.