மூன்று படைக்கும் ஒரே பிரமோஸ்

2019 அக்டோபர் 21, 22 தேதிகளில் இந்திய விமானப்படை அந்தமானில் இரண்டு பிரமோஸ் ஏவுகணைகளைச் செலுத்தியது. விமானத்திலிருந்து அல்ல, லாரியிலிருந்து. ஏறக்குறைய 300 கி.மீ. தொலைவில் இருந்த டிராக் தீவுதான் இலக்கு. அடுத்த ஆண்டு நவம்பர் 24 அன்று தரைப்படை இதே தீவுக்கூட்டத்தில் பிரமோஸைச் சோதித்தது. டிசம்பர் 1 அன்று கடற்படையின் ஐ.என்.எஸ். ரன்விஜய், வங்கக்கடலில் ஒரு பழைய கப்பலை இலக்காக வைத்து ஏவியது.

2001 ஜூன் 12 அன்றே சாந்திப்பூரில் பறந்துகாட்டிய ஏவுகணைக்கு ஏன் இத்தனை சோதனை?

விடை அதன் இன்ஜினில் இருக்கிறது. பிரமோஸில் இருப்பது ராம்ஜெட். காற்றை அழுத்தச் சுழலும் விசிறிகள் அதில் கிடையாது. பாய்ந்துவரும் வேகமே காற்றை அழுத்த வேண்டும். அதனால் நின்ற இடத்திலிருந்து ராம்ஜெட் கிளம்பாது. முதலில் திட எரிபொருள் பூஸ்டர் அதை உந்தித் தள்ளுகிறது. தரையிலிருந்து செங்குத்தாக எழுந்ததும், மூக்கில் மாட்டிய மூடியின் சிறு உந்திகள் ஏவுகணையை இலக்கின் பக்கம் சாய்க்கின்றன. பிறகு மூடி கழன்று விழ, காற்று உள்ளே பாய்கிறது. எரிந்து முடிந்த பூஸ்டரும் வெளியேற, ராம்ஜெட் பற்றிக்கொள்கிறது. வேகம் ஒலியைப்போல் 2.8 மடங்கு.

இந்த முதல் சில நொடிகள்தான் படைக்குப் படை மாறுகின்றன. லாரி அசையாமல் நிற்கும். கப்பல் அலையில் ஆடும். சுகோய் விமானமோ ஏற்கெனவே வேகத்தில் இருப்பதால் சிறிய பூஸ்டரே போதும். 3 டன் எடை இரண்டரை டன்னாகிறது. ஆனால் விமானத்திலிருந்து விடுபட்டதும் ஏவுகணை புரளாமல் விழ வேண்டும், விமானத்தை விட்டு விலகிய பிறகே பூஸ்டர் எரிய வேண்டும். கப்பலில் ஏவிப் பார்த்தது இதற்கு அத்தாட்சி ஆகாது. தனியாகத்தான் நிரூபிக்க வேண்டும்.

அதற்கு ஆளில்லாத இடம் வேண்டும். மக்கள் வாழும் ஊர்கள் அந்தமான் நிக்கோபாரின் சில தீவுகளில்தான் உண்டு. நூற்றுக்கணக்கான தீவுகளில் குடியிருப்பே இல்லை. நாட்டின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் 2001-இல் அமைந்ததும் இங்கேதான்.

பிரமோஸ் திட்டத்தைத் தொடக்கம் முதல் நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த சிவதாணு பிள்ளை. விமானத்திலிருந்து ஏவும் பிரமோஸ் 2017 நவம்பர் 22 அன்று முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. அதைச் சுமக்கும் சுகோய் படைப்பிரிவு 2020 ஜனவரி முதல் தஞ்சாவூரில் இருக்கிறது.