அல்சூர் கேட் ஏன் அல்சூரில் இல்லை?

பெங்களூருக்குப் புதிதாய் வரும் நம்மவர்கள் ஒரு தடவையாவது ஏமாறுகிற இடம் அல்சூர் கேட். 'அல்சூர் கேட் போலீஸ் ஸ்டேஷன்' என்றால் அல்சூர் ஏரிப் பக்கம்தானே இருக்கணும் என்று அங்கே போய் இறங்குவார்கள். அதுவோ நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, கார்ப்பரேஷன் கட்டடம் பக்கத்தில் இருக்கிறது. சரக்கெடுக்கப் பேட்டைக்கு வந்த புதிதில் அடியேனும் இப்படி அலைந்தவன்தான்.

காரணம், இன்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை. 1537-இல் கெம்பே கௌடர் பேட்டையைச் சுற்றி மண்கோட்டை எழுப்பினார். கிழக்கே அல்சூர் வாசல், வடக்கே எலகங்கா வாசல், தெற்கே ஆனேக்கல் வாசல், மேற்கே சொண்டேகொப்ப வாசல். வாசலுக்குப் பெயர் அது நிற்கும் இடத்தை வைத்து வரவில்லை; அதன் வழியே புறப்படும் பாதை எந்த ஊருக்குப் போகிறதோ, அந்த ஊரை வைத்து வந்தது. தில்லியில் காஷ்மீரி கேட் இருப்பதும் இந்தக் கணக்குதான்.

பேட்டைக்குத் தெற்கே இருந்தது வேறொரு கோட்டை. அதை 1761-இல் ஹைதர் அலி கல்லால் கட்டினார். அதன் வடக்கு வாசலான டில்லி கேட் மட்டும் இன்றும் கே.ஆர். மார்க்கெட் எதிரே நிற்கிறது. 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் படை முதலில் பேட்டையையும், பிறகு கல்கோட்டையையும் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேட்டையின் மண்சுவர் தரைமட்டமாகி, அகழியும் தூர்ந்தது. பெயர் மட்டும் போகவில்லை. மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிபட்ட பின்னும் கீழவாசல், தெற்குவாசல் என்றுதானே சொல்கிறோம்!

சுவருக்குள் இருந்த தெருக்களும் பேசுகின்றன. அக்கிபேட்டை அரிசிக்கு, அரளேபேட்டை பஞ்சுக்கு, கும்பாரபேட்டை குயவருக்கு. திகளர்பேட்டையை நாம் விசேஷமாய்க் கவனிக்கணும். 'திகளர்' என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்து வழங்கிய சொல். தமிழகப் பக்கமிருந்து வந்து தோட்டப்பயிர் செய்தவர்கள் என்று திகளரைச் சொல்வது மரபு. வருஷந்தோறும் சைத்ர மாதப் பௌர்ணமியில் கரகம் எடுப்பவர்களும் அவர்களே.

"இது நம்ம ஊரா?" என்று இங்கேயே பிறந்த பிள்ளைகள் கேட்டால், வாயால் பதில் சொல்ல வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லி கேட்டில் தொடங்கி, திகளர்பேட்டை வழியாக அல்சூர் கேட் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். பெயர்ப்பலகைகளே பதில் சொல்லும்.