பேறுகால வேதனையும் முதுகு ஊசியும்

பிரசவத்தின்போது முதுகில் ஊசி போடலாம் என்று மருத்துவர் கூறியதும் நம் இல்லங்களில் இரண்டு அச்சங்கள் தலைதூக்குகின்றன. கால்கள் செயலற்றுப் போகுமோ என்பது ஒன்று. வேதனையைத் தவிர்ப்பது ஏவாளுக்கு இறைவன் இட்ட தீர்ப்பை மீறுவதாகுமோ என்பது மற்றொன்று. “நாங்களெல்லாம் பொறுக்கவில்லையா?” என்ற மாமியாரின் கேள்வி இவ்விரண்டுக்கும் துணை சேர்க்கிறது.

முதல் அச்சத்தைப் பார்ப்போம். கருப்பை சுருங்கும்போது எழும் வேதனைச் செய்தி, நரம்புகள் வழியே தண்டுவடத்தை அடைந்து மூளைக்கு ஏறுகிறது. மூளையை எட்டும்வரை அது வலியாக உணரப்படுவதில்லை. அச்செய்தியை வழியிலேயே மறிப்பதுதான் எபிடூரல் எனப்படும் இம்முறை. தண்டுவடத்தைச் சூழ்ந்துள்ள உறைக்கு வெளியே ஒரு குறுகிய இடமுண்டு. மயக்க மருத்துவர் அங்கே ஊசி வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, ஊசியை வெளியே எடுத்துவிடுகிறார். தங்குவது குழாய் மட்டுமே. தண்டுவடமோ இடுப்புப் பகுதியின் மேற்புறத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது வழக்கமாக அதற்கும் கீழே.

குழாய் வழியே செல்லும் புபிவகெய்ன் போன்ற மருந்து, நரம்பிழைகளுள் சோடியம் நுழையும் வாயில்களை அடைக்கிறது. சோடியம் நுழையாவிடில் செய்தி நகராது. வலியைச் சுமக்கும் இழைகள் மெல்லியவை. தசையை இயக்குபவை தடித்தவை. ஆகவே குறைந்த செறிவில் மருந்து தந்தால் வலி பெரிதும் அடங்கும். கால்கள் சற்றுக் கனத்தாலும் பெரும்பாலும் அசையும். தாய் விழித்தே இருப்பாள். குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பாள். கை அறுவைக்குக் கழுத்தெலும்பருகே நரம்புக் கற்றையை மட்டும் மரக்கச் செய்வதும் இதே தத்துவமே. ஸ்பெயின் நாட்டு இராணுவ மருத்துவர் பிதெல் பாஹேஸ் 1921-இல் எபிடூரல் முறையை விளக்கி எழுதினார்.

தீங்கே இல்லையென நாம் கூறோம். இரத்த அழுத்தம் இறங்கலாம்; பிரசவத்தின் இறுதிக் கட்டம் சற்று நீளலாம். உறை தவறித் துளைபட்டால் கடும் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. நிலையான நரம்புச் சேதம் மிக அரிது. நாள்பட்ட முதுகுவலிக்கு இவ்வூசியே காரணம் என்பது நிறுவப்படாத பழி.

இரண்டாம் அச்சத்துக்குத் திருச்சபை என்றோ விடையளித்துவிட்டது. ஏவாளைத் தண்டித்தபோது, பேற்றை எளிதாக்கும் வழிகளை இறைவன் தாய்மார்க்கு விலக்கவில்லை என்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1956 ஜனவரியில் விளக்கினார். 1957 பிப்ரவரியில் மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், துன்பத்தைத் துன்பத்திற்காகவே விரும்பக் கிறிஸ்தவர் கடமைப்பட்டவரல்லர் என்றும் தெளிவாக்கினார். விரும்பித் தாங்குவோரை அவர் குறை கூறவில்லை. ஆனால் தாங்குபவள் தாய். விருப்பமும் அவளுடையதாகவே இருக்கவேண்டும்.

வலி கண்டபின் ஆலோசிக்க நேரமிராது. ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே, மயக்க மருத்துவர் இரவிலும் கிடைப்பாரா என்று கேட்டறிவது நன்று. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதை அப்போதே மறவாமல் சொல்லவேண்டும். அவர்களுக்கு இவ்வூசி பொருந்தாமற் போகலாம்.