மாண்டலின் ஸ்ரீநிவாஸ்

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று பரவலாக அறியப்படும் உப்பலபு ஸ்ரீநிவாஸ் (பிப்ரவரி 28, 1969 – செப்டம்பர் 19, 2014) ஒரு கருநாடக இசைக் கலைஞர். லூட் என்னும் பழைய ஐரோப்பிய நரம்புக் கருவியின் வழிவந்த மாண்டலினைக் கருநாடக இசையில் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக நிலைநிறுத்தியவர். அவருக்கு முன் இக்கருவி இந்தியாவில் பெரும்பாலும் மெல்லிசை, திரையிசைக் குழுக்களிலேயே ஒலித்து வந்தது.

இளமையும் பயிற்சியும்

ஸ்ரீநிவாஸ் ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்திலுள்ள பாலகொல்லு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சத்யநாராயணா இசைக் கலைஞர். சிறு வயதிலேயே மாண்டலின் மீது மகனுக்கு இருந்த ஈடுபாட்டைக் கண்டு அவரே முதற்பாடம் கற்பித்தார்.

பின்னர், செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவரான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் ஸ்ரீநிவாஸ் பயின்றார். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. எனவே அவர் வாய்ப்பாட்டாகப் பாடிக் காட்டுவார். மாணவர் அதைக் கேட்டுக் கருவியில் வாசிப்பார். விரல் வைக்கும் முறையைக் காட்ட ஆள் இல்லாததால், குரலில் கேட்டதைத் தந்தியில் கொண்டுவரும் வழியை மாணவரே கண்டறிய வேண்டியிருந்தது. அவருடைய வாசிப்பு பாட்டை ஒத்து அமைந்ததற்கு இப்பயிற்சி ஒரு முக்கியக் காரணம்.

கருவியில் செய்த மாற்றம்

மாண்டலினில் வழக்கமாக எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக, நான்கு இணைகளாக அமைந்திருக்கும். சிறு வில்லையால் மீட்டினால் ஒலி விரைவில் அடங்கிவிடும். கருநாடக இசைக்கு இது பெரிய தடை. இந்த இசையில் சுரங்கள் தனித்தனியே நிற்பதில்லை. அசைந்தும் வழுக்கியும் ஒன்றோடொன்று இணைகின்றன. இதுவே கமகம். ஒரே சுர வரிசை கொண்ட இரண்டு இராகங்களைக்கூடக் கமகம் வேறுபடுத்திக் காட்டும். நரம்புக் கருவியில் கமகம் பிறக்க வேண்டுமானால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும் அல்லது மெட்டுகளின் மேல் விரலை வழுக்க வேண்டும். அதுவரை ஒலியும் நீடிக்க வேண்டும். இணைத் தந்திகளைச் சுருதி பிசகாமல் ஒருசேர இழுப்பது கடினம்.

ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைப் பயன்படுத்தினார். ஒற்றைத் தந்தி இழுப்பதற்கு எளிதாயிற்று. மின்பெருக்கி ஒலியை நீட்டித்தது. ஐந்தாம் தந்தி கருவியின் ஒலி எல்லையை விரிவாக்கியது.

கச்சேரி வாழ்க்கை

1978-இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜர் விழாவில் அவருடைய அரங்கேற்றம் நடைபெற்றது. 1981 டிசம்பர் இசை விழாவின்போது சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தது அவரைத் தமிழ்நாட்டு ரசிகர்களிடம் கொண்டு சேர்த்தது. மேலைநாட்டுக் கருவி இராகத்தின் நுட்பங்களைத் தாங்குமா என்ற ஐயத்துக்கு அவர் வாசிப்பே விடையாயிற்று. பல கச்சேரிகளில் நாகசுரத்துடன் ஒலிக்கும் தவிலையும் பக்கவாத்தியமாகச் சேர்த்துக்கொண்டார்.

1983-இல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவிலும், 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் கலை விழாவிலும் வாசித்தார்.

கிதார் கலைஞர்களுடன்

கனடாவைச் சேர்ந்த கிதார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் இணைந்து 1995-இல் ‘டிரீம்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பின்னர், பிரித்தானிய கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஜாகிர் உசேன், செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் ஆகியோருடன் பங்கேற்றார்.

மெக்லாஃப்லின் வீணை பயின்றவர். 1970-களில் ‘சக்தி’ குழுவுக்காக, மெட்டுகளுக்கு இடையே குழிவாகச் செதுக்கப்பட்ட கிதாரை அவர் வாசித்தார். தந்தியை எளிதாக இழுத்துக் கமகம் எழுப்புவதே அதன் நோக்கம். மாண்டலினில் ஸ்ரீநிவாஸ் எதிர்கொண்ட அதே சிக்கலுக்கு, கிதாரில் மெக்லாஃப்லின் கண்ட தீர்வு இது.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதை 1998-இலும், 2009-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதையும் பெற்றார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 45.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் கருநாடக இசைக்குள் வந்த வயலின், இன்று கச்சேரியில் இன்றியமையாத பக்கவாத்தியம். கதிரி கோபால்நாத் சாக்சபோனைக் கொண்டுவந்தார், ஆர். பிரசன்னா கிதாரில் கருநாடக இசை வாசிக்கிறார். இவ்வரிசையில் மாண்டலினுக்கு இடம் தேடித் தந்தவர் ஸ்ரீநிவாஸ். அவருடைய தம்பி யு. ராஜேஷும் மாண்டலின் கலைஞரே.