அடுப்படியில் மூன்று எண்ணெய்

என் தம்பிக்கு 52 வயது. சென்ற ஆண்டு நெஞ்சு வலி வந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அன்று தொடங்கியது எங்கள் வீட்டு எண்ணெய்ச் சண்டை.

மருத்துவமனை உணவு ஆலோசகர் நெய்யையும் தேங்காய்ப்பாலையும் குறைக்கச் சொன்னார். தம்பி மனைவி சூரியகாந்தி எண்ணெய் வாங்கி வைத்தார். அம்மா இரண்டரை வெள்ளி பாக்கெட் செம்பனை எண்ணெயை விடுவதாக இல்லை. தம்பியோ புலனத்தில் வந்த ஒரு காணொளியை நம்பி, நாற்பது வெள்ளிக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கி, தினமும் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி குடிக்க ஆரம்பித்தான்.

"நம்ம முன்னோர் சாப்பிடாததா அக்கா?" என்றான்.

"அவங்க தாளிச்சாங்கடா, குடிக்கலே" என்றேன். கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை. 1.9 ஆக இருந்த கெட்ட கொழுப்பு 4.3க்கு ஏறியிருந்தது. மருத்துவர் துருவிக் கேட்ட பிறகுதான், மாத்திரையையும் நிறுத்திவிட்டதை ஒப்புக்கொண்டான். ஏறியதில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, மாத்திரையை விட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. படிக்கத் தொடங்கினேன்.

நிறைகொழுப்பைக் குறையுங்கள் என்று அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது 1961இல். தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. நெய்யில் ஏறத்தாழ 60 விழுக்காடு, செம்பனை எண்ணெயில் பாதி. 1988இல் பில் சோக்கொலொஃப் என்ற அமெரிக்க வணிகர் சொந்தப் பணத்தில் முழுப்பக்க விளம்பரங்கள் போட்டு, தேங்காய், செம்பனை எண்ணெய்களைச் சேர்க்கும் உணவு நிறுவனங்களைச் சாடினார். தமது 43ஆம் வயதில் மாரடைப்பைச் சந்தித்தவர் அவர். அமெரிக்க சோயா விவசாயிகளின் சங்கமும் அதே காலத்தில் வெப்பமண்டல எண்ணெய்களை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தது. இது வியாபாரப் போர் என்று மலேசியா பதிலடி கொடுத்தது.

நிறுவனங்கள் பணிந்தன. ஆனால் பிஸ்கட்டிலும் பொரியலிலும் அந்த எண்ணெய்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் வந்தது, பாதி ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவர எண்ணெய். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பை ஏற்றி, நல்ல கொழுப்பை இறக்குகிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது, பேயை விரட்டிவிட்டுப் பிசாசைக் கூட்டி வந்திருந்தார்கள். சிங்கப்பூர் அந்த எண்ணெயை 2021 ஜூனில் அறவே தடை செய்தது.

குழப்பம் அதோடு முடியவில்லை. 1984இல் முட்டையும் பன்றி இறைச்சியும் சோக முகம் காட்டும் அட்டையோடு கொழுப்பைப் பற்றி எச்சரித்த 'டைம்' இதழ், 2014இல் வெண்ணெயை அட்டையில் போட்டுத் தாராளமாகச் சாப்பிடச் சொன்னது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நிறைகொழுப்புக்கும் இதய நோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்பது அப்போதைய பரபரப்பு. நெய்யைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளை ரொட்டியும் சீனியும் சாப்பிட்டால் பயனில்லை. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெயை வைத்தால்தான் பயன் என்ற விளக்கம் பலர் காதுக்கு எட்டவே இல்லை.

தென்னையையே நம்பி வாழ்ந்த டோக்கெலாவ் தீவு மக்களுக்கு இதய நோய் குறைவு என்பதும் உண்மைதான். தம்பியின் காணொளியில் அதுவும் வந்தது. அவர்கள் மீனோடு தேங்காயைச் சாப்பிட்டார்கள், போத்தலைத் திறந்து குடிக்கவில்லை என்பது மட்டும் வரவில்லை.

ஒரு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டுத் தம்பி முன் வைத்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னபடி, உண்ணும் கலோரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிறைகொழுப்பிலிருந்து வரக்கூடாது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம். அவன் காலையில் குடித்த இரண்டு கரண்டியிலேயே அது தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சாப்பிடும் தோசையும் குழம்பும் எல்லாம் வரம்புக்கு மேல். அவன் பதில் பேசவில்லை.

அம்மாவிடம் பேசுவதுதான் கடினம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவான கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான் அப்பா குலை வெட்டினார். அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். "அந்தப் பழத்தைச் சுமந்துதாண்டி உங்கள படிக்க வச்சாரு. இப்ப அது விஷமாயிடுச்சா?" என்றார். விஷமில்லை என்றேன். செம்பனை எண்ணெய் தேங்காய் எண்ணெயைவிட மேல், சூரியகாந்தியைவிடக் கீழ். நன்றிக்கடனுக்காக அந்த வரிசை மாறாது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் சொல்ல வரவில்லை. பொரித்த எண்ணெயைப் பால் டின்னில் ஊற்றி மறுபடி மறுபடி காய்ச்சுவதை மட்டுமாவது நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குச் சம்மதித்தார்.

இப்போது தம்பிக்குச் சூரியகாந்தி எண்ணெயில் சமையல், அதுவும் கரண்டியில் அளந்து. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். மாத்திரை மறுபடி தொடங்கியாயிற்று. போன மாதப் பரிசோதனையில் 2.0.

மீதமிருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தல் அம்மாவின் அறைக்குப் போய்விட்டது. நாற்பது வெள்ளியை ஏன் வீணாக்குவது என்று தினமும் தலைக்குத் தேய்க்கிறார்.