காணாமற்போன கிகாபைட்டுகள்

பள்ளித் திட்டப்பணிக்காக மாணவர் ஒருவர் 64 கிகாபைட் கொள்ளளவு கொண்ட விரலி ஒன்றை வாங்குகிறார். வீட்டிற்கு வந்ததும் அதனைக் கணினியில் செருகிப் பார்க்கிறார். திரையில் தெரியும் கொள்ளளவோ ஏறத்தாழ 59.6 கிகாபைட். விரலியில் இன்னும் ஒரு கோப்பைக்கூட அவர் சேமிக்கவில்லை. அப்படியிருக்க, நான்கு கிகாபைட்டுக்கும் மேற்பட்ட இடம் எங்கே போனது? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? விரலி பழுதானதா?

இந்த ஐயம் அந்த மாணவருக்கு மட்டும் எழுந்ததன்று. 2000-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பயனீட்டாளர்கள் சிலர், பெட்டியில் எழுதியிருக்கும் அளவு வன்தட்டில் இல்லை என்று கூறித் தயாரிப்பாளர்கள்மீது வழக்கே தொடுத்தார்கள். இதன் உண்மையை அறிய வேண்டுமானால், கணினி தரவை எவ்வாறு அளக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்து, படம், பாடல், காணொலி ஆகிய எதுவானாலும் கணினி அதனை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களாகவே கையாள்கிறது. அத்தகைய ஓர் இலக்கமே ‘பிட்’ எனப்படுகிறது. தரவை அளக்கும் அலகுகளில் மிகச் சிறியது இதுவே. கிளாட் ஷானன் என்னும் அறிஞர் 1948-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். அதனைப் பரிந்துரைத்தவர் ஜான் டூக்கி என்றும் அதில் குறிப்பிட்டார்.

ஒரு பிட்டால் இரண்டு செய்திகளை மட்டுமே வேறுபடுத்திக் காட்ட முடியும். இரண்டு பிட்டுகள் சேர்ந்தால் 00, 01, 10, 11 என நான்கு வகைகள் கிடைக்கும். இவ்வாறு ஒவ்வொரு பிட் கூடும்போதும் எண்ணிக்கை இரட்டிப்பாகும். எட்டு பிட்டுகளில் அது 256-ஐ எட்டிவிடும். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் அனைத்திற்கும் இது போதுமானது. இன்று எட்டு பிட்டுகள் கொண்ட தொகுப்பையே ‘பைட்’ என்கிறோம். இப்பெயரை 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கினார். தொடக்கத்தில் ஒரு பைட்டில் இத்தனை பிட்டுகள்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்நிறுவனம் 1964-இல் அறிமுகப்படுத்திய சிஸ்டம்/360 கணினிகளுக்குப் பிறகே எட்டு பிட் என்னும் வழக்கம் பரவி நிலைபெற்றது.

தமிழுக்கு எத்தனை பைட் தேவைப்படும்? இணையத்தில் பெரிதும் பயன்படும் யுடிஎஃப்-8 குறியாக்க முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டிற்கும் மூன்று பைட் வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ அது த, ம, இகரத்தின் துணைக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆகவே, அச்சொல்லைச் சேமிக்க 15 பைட் தேவை.

பைட்டைவிடப் பெரிய அளவுகளைக் குறிக்கக் கிலோபைட், மெகாபைட், கிகாபைட், டெராபைட் ஆகிய அலகுகள் உள்ளன. இவற்றின் அளவை ஒரு கணக்கின்வழி உணரலாம். ஒரு பக்கத்திற்கு 1,500 குறியீடுகள் வீதம் 200 பக்கங்கள் கொண்ட தமிழ் நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தம் 300,000 குறியீடுகள் இருக்கும். குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் என்றால், அந்நூலுக்கு 900,000 பைட் தேவை. அதாவது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமோ பல வேளைகளில் மூன்று மெகாபைட் இடத்தைப் பிடித்துவிடுகிறது. ஒரே ஒரு படம் இருக்கும் இடத்தில் இத்தகைய மூன்று நூல்களை வைத்துவிடலாம்!

இதே அளவு இடம் முற்காலத்தில் எளிதில் கிடைக்கவில்லை. ஐபிஎம் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட ‘ராமாக்’ கணினியின் வட்டுச் சேமிப்பகத்தில் 50 பெரிய தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டின் விட்டமும் 24 அங்குலம். அத்தனை தட்டுகளிலும் சேர்த்து ஐம்பது இலட்சம் எழுத்துகளையே சேமிக்க முடிந்தது. ஓர் எழுத்துக்கு 6 பிட் என்ற கணக்கில், அது இன்றைய அளவில் நான்கு மெகாபைட்டைக்கூட எட்டவில்லை.

இனி, காணாமற்போன இடத்தைத் தேடுவோம். ‘கிலோ’ என்றால் ஆயிரம். ஒரு கிலோமீட்டர் 1,000 மீட்டர். ஒரு கிலோகிராம் 1,000 கிராம். ஆனால், கணினியின் நினைவகம் இரண்டிரண்டாகப் பெருகும் தன்மையுடையது. பத்து பிட்டுகளைக் கொண்டு 1,024 இடங்களுக்கு முகவரி இடலாம். அந்த எண் ஆயிரத்திற்கு மிக அருகில் இருந்ததால், பொறியாளர்கள் 1,024 பைட்டையும் ‘கிலோபைட்’ என்றே அழைக்கத் தொடங்கினர். சிறிய அளவுகளில் இது பெரிய குழப்பத்தை ஏற்படுத்தவில்லை. கிலோவில் வேறுபாடு 2.4 விழுக்காடுதான். ஆனால், அலகு பெரிதாகப் பெரிதாக வேறுபாடும் வளர்கிறது. மெகாவில் அது ஏறத்தாழ 4.9 விழுக்காடு, கிகாவில் 7.4 விழுக்காடு, டெராவிலோ ஏறத்தாழ 10 விழுக்காடு.

சில வேளைகளில் இரண்டு கணக்குகளும் ஒரே பொருளில் கலந்துவிட்டதும் உண்டு. ஒரு காலத்தில் எங்கும் பயன்பட்ட 3.5 அங்குல நெகிழ்வட்டின்மீது 1.44 மெகாபைட் என்று எழுதியிருக்கும். அதன் உண்மைக் கொள்ளளவு 1,474,560 பைட். 1.44-ஐ முதலில் 1,000-ஆலும் பின்னர் 1,024-ஆலும் பெருக்கினால்தான் அந்த எண் கிடைக்கும்!

இக்குழப்பத்தைத் தீர்க்க அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் ஒரு முடிவெடுத்தது. அதன்படி, கிலோபைட் என்பது 1,000 பைட்டை மட்டுமே குறிக்க வேண்டும். 1,024 பைட்டைக் குறிக்கக் ‘கிபிபைட்’ என்ற புதிய பெயர் வந்தது. அதுபோலவே மெகாபைட்டுக்கு இணையாக ‘மெபிபைட்’ என்ற பெயரும் உருவானது. ஆயினும், அன்றாட வழக்கில் இப்பெயர்கள் அவ்வளவாகப் பரவவில்லை.

இப்போது மாணவரின் விரலிக்குத் திரும்புவோம். அதன் தயாரிப்பாளர் ஆயிரத்தின் அடிப்படையில் 64,000,000,000 பைட் தந்திருக்கிறார். விண்டோஸ் இயங்குதளமோ 1,073,741,824 பைட்டை ஒரு கிகாபைட் எனக் கொள்கிறது. முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் 59.6 கிடைக்கிறது. 2009-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த மேக் இயங்குதளங்கள் ஆயிரத்தின் அடிப்படையில் கணக்கிடுவதால், அதே விரலி அங்கு 64 கிகாபைட் என்றே தெரியும். கோப்புகளின் பட்டியலை வைத்துக்கொள்ள விரலி சிறிது இடத்தைப் பயன்படுத்துவது உண்மைதான். எனினும், பெரிய வேறுபாடு அளக்கும் முறையில்தான் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை; கணினியும் தவறாகக் கணக்கிடவில்லை. இருவரும் ஒரே பெயரால் இரு வேறு அளவுகளைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இணையச் சேவைக்கான விளம்பரங்களைப் படிக்கும்போதும் இத்தகைய கவனம் தேவை. இணைய வேகத்தைப் பெரும்பாலும் பிட்டில் குறிப்பிடுவார்கள். கோப்பின் அளவைப் பைட்டில் குறிப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதும்போது, சிறிய ‘பி’ பிட்டையும் பெரிய ‘பி’ பைட்டையும் குறிக்கும். விநாடிக்கு 100 மெகாபிட் என்பதை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்தான் வரும். ஆகவே, 1,000 மெகாபைட் கொண்ட காணொலி ஒன்றைப் பதிவிறக்கம் செய்யப் பத்து விநாடி போதாது. குறைந்தது எண்பது விநாடி ஆகும்.

விரலியோ கைப்பேசியோ இணையச் சேவையோ, எதை வாங்கினாலும் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. அதற்கு அருகில் எழுதப்பட்டிருக்கும் அலகு எது, அது எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்கப் பழகியவர் கொடுக்கும் பணத்திற்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்வார். தவறு செய்யாத கடைக்காரர்மீது வீண்பழியும் சுமத்தமாட்டார்.