கடிதம் இல்லாமல் பயிற்சிக்குப் போகாதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் இதழியல் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்புகள் வரிசை கட்டுகின்றன. கோடை இன்டர்ன்ஷிப், நடுப்பக்கத்துக்குக் கட்டுரை எழுதும் வாய்ப்பு, மாதாமாதம் உதவித்தொகை. ஜூன் முடிந்து பணம் வராதபோது விசாரித்தால், பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வாயாலதான் சொன்னாங்க சார்." இரண்டு மாதம் உழைக்கத் தயாராக இருப்பவர்கள் ஒரு தாளைக் கேட்டு வாங்க ஏன் தயங்குகிறார்கள்?

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. 'பதிவுக் கட்டணம்' கட்டச் சொல்வார்கள். கட்டியதும் பிரஸ் அடையாள அட்டை ஒன்று வரும், அதன்பின் போனை எடுக்க மாட்டார்கள். உதவித்தொகை தருவதாகச் சொல்லும் பத்திரிகை உங்களிடம் பணம் கேட்க எந்தக் காரணமும் இல்லை. கேட்டால் அங்கேயே விலகுங்கள். அந்த அட்டை அரசு அங்கீகாரமும் ஆகாது. பெயர் தெரியாத பத்திரிகை என்றால், ஒரு பிரதியை வாங்கி அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும் பொடி எழுத்து வரிகளைப் படியுங்கள். பத்திரிகைப் பதிவாளர் அலுவலக இணையதளத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இனி கடிதம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், பொறுப்பானவர் கையெழுத்தோடு, அல்லது குறைந்தபட்சம் அலுவலக மின்னஞ்சலிலிருந்து வரவேண்டும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, தொகை எவ்வளவு, மாதம் எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்பது இருக்கவேண்டும். யாருக்குக் கீழ் வேலை, உங்கள் பெயரில் கட்டுரை வருமா என்பதும் வேண்டும். தலையங்கத்துக்குப் பெயர் போடும் வழக்கமில்லை. அதற்குத் தகவல் திரட்டித் தருவது வேறு. நீங்கள் முழுதாக எழுதிய கட்டுரை இன்னொருவர் பெயரில் வருவது வேறு. "முதல்ல சேருங்க, லெட்டர் அப்புறம் தர்றோம்" என்றால் சேராதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், சட்டம் இங்கே உங்களுக்குப் பெரிய துணை இல்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவான பயிற்சியாளருக்குத்தான் உதவித்தொகை கட்டாயம். கல்லூரிக் கடிதத்தோடு விடுமுறையில் போகும் மாணவர் தானாக அதில் அடங்கமாட்டார். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் 'நீங்க ஸ்டூடன்ட்தானே' என்று கைவிரிக்கிறார்கள். கல்லூரித் துறைத்தலைவர்களோ அறிக்கையில் முத்திரை குத்துவதோடு தங்கள் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். கையில் கடிதம் இருந்தால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

எழுத்தின் உரிமையையும் கவனியுங்கள். பத்திரிகையில் பணி அல்லது பயிற்சி ஒப்பந்தத்தின்கீழ் எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் அளவுக்குத்தான் உரிமையாளருக்குச் சொந்தம். மற்றபடி எழுதியவருக்கே என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. 'வேறு உடன்பாடு' என்ற அந்த வாசல் வழியாகத்தான் மொத்த உரிமையும் போய்விடுகிறது. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கருத்துக் கட்டுரையில் அவதூறு வந்தால் எழுதியவர் மீதும் வழக்கு வரும். மாணவர் என்பதற்காக விலக்கு இல்லை. ஆதாரங்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பாலியல் தொல்லை விஷயத்தில் சட்டம் தெளிவு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளம் இல்லாத பெண் பயிற்சியாளருக்கும் பொருந்தும். மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் தரவேண்டும்.

பணம் வரவில்லையா? கடித நகல், வெளியான கட்டுரைகள், வருகைப் பதிவு, பேசிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். தொகையையும் கெடுதேதியையும் குறிப்பிட்டு நிறுவன நிர்வாகத்துக்கு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரசம் கேட்டு மனு கொடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். உதவி எண் 15100. கட்டணம் கட்டி ஏமாந்திருந்தால் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பணம் பல கணக்குகள் மாறியிருக்கும்.